ஓர் இழுப்பு

இரவு ஒன்றே முக்கால்.
கானாடுகாத்தானிலிருந்து ஒரு காரில் நான்கு பேர்.
மூவர் நடந்து வந்தார்கள்,
ஒருவனைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டோம்.

நாச்சியப்பன், இருபத்தாறு.
நாடி நூற்று நாற்பத்தெட்டு.
உதடு காய்ந்து ஒட்டியிருந்தது.
"நான் செத்துட்டேனா சிஸ்டர்?"
"செத்தவனுக்கு ஊசி போடுறதில்ல. கையை நீட்டு."
விடிந்தால் அவன் தங்கைக்குத் திருப்பூட்டு.
பேன்ட் பைக்குள் அம்மா அம்மா என்று
போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் உண்டு:
எவ்வளவு?
பூச்சிமருந்து என்றால் மூடிக் கணக்குச் சொல்வார்கள்.
மாத்திரை என்றால் காலி அட்டையை நீட்டுவார்கள்.
பாம்புகூட இரண்டு புள்ளி வைத்துவிட்டுத்தான் போகும்.
இவர்கள் சொன்னது,
"ஒரே பொட்டலம் சிஸ்டர். சமமாத்தான் பிரிச்சோம்."

சமமாக.

இளங்கோ சுருட்டிப் பற்றவைத்தான்.
பேசப் பேச அது தானாக எரிந்தது,
பாதியை மேல்மாடிக் காற்று குடித்தது,
மீதியில் பாதியை இருமல் வெளியே தள்ளியது.
அவனுக்கு இப்போது பசி. இட்லிக் கடை எப்போது திறக்கும் என்கிறான்.

பிரிட்டோ தண்ணீர்ப் பாட்டிலில் துளை போட்டவன்.
தண்ணீர் புகையைக் குளிர வைத்ததே தவிர வடிகட்டவில்லை.
சுடாததால் தொண்டை தடுக்கவில்லை,
நெஞ்சு கொள்ளுமட்டும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டான்.
உள்ளே அடக்கி முப்பது எண்ணினானாம்.
எண்ணியதில் கூடியது கரிதான் தம்பி,
மற்றது முதல் சில நொடியிலேயே ரத்தத்தில் ஏறிவிடும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் வாஷ்பேசினுக்கு ஓடினான்.

நாச்சியப்பனிடம் மெல்போர்னில் வாங்கிய கருவி.
பேனாவைவிடக் கொஞ்சம் தடிமன்,
எரிக்காது, சூடு மட்டும் காட்டும்.
புகை வேறு, ஆவி வேறு.
நெல் அவிவதும் உமி எரிவதும்
ஒரே ஆலையில்தான் நடக்கிறது,
இரண்டும் ஒன்றா?
காரவில்லை, கமறவில்லை, சட்டையில் வாடை இல்லை.
இருமல் வராததால் ஏறவில்லை என்று நினைத்தான்.
இன்னொன்று இழுத்தான். இன்னும் ஒன்று.
பிறகு ஆத்தங்குடிக் கல்லில் இருந்த பூக்கள்
ஒவ்வொன்றாக எழுந்து நின்றனவாம்.

நான்காமவன் முருகையா, டிரைவர்.
தொடவே இல்லை என்று குன்றக்குடி முருகன் மேல் சத்தியம் செய்தான்.
வரும் வழியெல்லாம் கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு
பிரிட்டோ மிச்சத்தையும் ஊதிக்கொண்டு வந்திருக்கிறான்.
"எனக்கும் லேசா கிறுகிறுங்குது சிஸ்டர்,
பயத்துலயா இருக்கும்?"
இருக்கலாம்.
அவன் பங்கை எந்தப் பொட்டலத்தில் கழிப்பது?

எனக்கு இது புதிதில்லை.
செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்துமாக்காரர்களுக்கு
இன்ஹேலர் வகுப்பு எடுப்பவள் நான்.
நன்றாக மூச்சை விடுங்கள்,
அழுத்தும்போதே மெதுவாக இழுங்கள்,
அடக்குங்கள், பத்து எண்ணுங்கள்.
அதே மருந்து, அதே அளவு,
ஒருவருக்கு நெஞ்சுக்குப் போகும்,
ஒருவருக்கு நாக்கிலேயே தங்கிவிடும்.
மாடியில் அந்தக் கருவியை நீட்டியபடி
யாரோ ஒருவன் கிட்டத்தட்ட இதையே
சொல்லிக்கொடுத்திருப்பான்.

டாக்டர் வந்து பார்த்தார்.
"தானா இறங்கிடும். பக்கத்துல இருந்து பேசிட்டிரு.
போலீசுக்குத் தகவல் எழுதிடு."
கட்டத்தில் ஓர் இழுப்பு என்று எழுதி
அடித்தேன்.
மூன்று என்று எழுதி
அதையும் அடித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பூமாயி,
புதுவயல் ஆலையில் தவிடு அள்ளுகிறவள்,
முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி கேட்டாள்:
"அந்தத் தம்பிக்கும் இழுப்பாம்மா?"
"ஆமாக்கா."
"அய்யோ பாவம். சின்ன வயசு."
அவள் தன் போர்வையை எடுத்து
அவன் கால் பக்கம் போடச் சொன்னாள்.
போட்டேன். உதறவில்லை அவன்.

மூன்று மணிக்கு அவளுக்கு நெபுலைசர்.
மருந்தைக் கோட்டுக்குச் சரியாக ஊற்றி
மாஸ்க்கைப் பொருத்தினேன்.
கன்னம் ஒட்டிப்போனவள்,
ஓரத்து இடைவெளி வழியே
வெள்ளையாக ஆவி கசிந்து
ட்யூப்லைட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
நான் விரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தேன்.